வீட்டுக்கு எடுத்துவைத்த மீன்

எங்கள் வீட்டில் மீன் சாப்பிடாதவள் நான் ஒருத்திதான். எங்கள் வீட்டு அடுப்பு பாதிக்கு மேல் எரிவது மீன் விற்ற காசில். இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் புதுச்சேரியில் யாராக இருந்தாலும் முதலில் சிரிப்பார்கள், பிறகு என் மாமியாருக்காக உச்சுக் கொட்டுவார்கள். எனக்காக இதுவரை ஒருவரும் உச்சுக் கொட்டியதில்லை.

மாமியார் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கிறார். நான் இதே ஊர்க் கதிர்காமத்தில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறேன். பிறந்தது பாகூர் பக்கம், நிலபுலத்துக்காரர்கள் வீட்டில். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆட்டுக்கறி. மீன் என்றால் எப்போதாவது ஏரியில் பிடித்த கெண்டை. அதையும் என் அம்மா முள்ளுக்குப் பயந்து பயந்துதான் சமைப்பாள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து, பஸ்ஸில் பழகி, இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைக் குப்பத்துக்குப் போய் நின்றேன்.

மாமியார் தட்டைக் கழுவிக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சோறு போட்டார். சோற்றின் மேல் ஒரு பெரிய சங்கரா மீன் தலை. அது சோறா, பரீட்சையா என்று எனக்குப் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் தோற்கக் கூடாது என்று மட்டும் தெரிந்தது. கண்ணை உறிஞ்சி, கன்னத்துச் சதையைப் பிய்த்து, எலும்பை ஒவ்வொன்றாகச் சப்பித் தட்டின் ஓரத்தில் அடுக்கினேன். அவர் குனிந்து தட்டைப் பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்:

“இந்தத் தட்டுகிட்ட பூன கூட வராதுடா. வந்தாலும் அதுக்கு ஒன்னும் மீதி இல்ல. இவ நம்ம வூட்டுப் பொண்ணுதான்.”

நான் அந்த வீட்டு மருமகளானது அப்போதுதான். தாலியெல்லாம் அதற்கு முன்பே கட்டியாகிவிட்டது. அது வேறு விஷயம்.

அதனால்தான் நான் மீனை விட்டது ஒரு சாப்பாட்டு விஷயமாக இருக்க முடியவில்லை.

விட்டதற்குக் காரணம் ஒரு நண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் மார்க்கெட்டிலிருந்து நண்டு கொடுத்தனுப்பியிருந்தார். பையைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தேன். மற்றவையெல்லாம் சோர்ந்து கிடந்தன. ஒன்று மட்டும் என் சுட்டுவிரலைப் பிடித்துக்கொண்டது. நான் கத்திய கத்தலில், அப்போதுதான் மார்க்கெட்டிலிருந்து திரும்பி வாசல் வரை வந்துவிட்ட மாமியார் ஓடிவந்து, யோசிக்காமல், பழக்கத்தில், கொடுக்கை அதன் உடம்பிலிருந்து முறித்துப் போட்டார். நண்டு தொட்டிக்குள் போய்விட்டது. கொடுக்கு என் விரலிலேயே இருந்தது. அது விடவில்லை. உடம்பு போன பிறகும் அது என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஃப்ரெஷ் நண்டு! பாத்தியா!” என்றார் மாமியார், பெருமையாக.

அன்றைக்கு நண்டுக் குழம்பு தெருவே மணத்தது. நான் ரசம் ஊற்றிக்கொண்டேன். மறுநாளும் ரசம்தான். அதற்கடுத்த நாள் மீன் குழம்பின் மூடியைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன். மாமியார் அதைப் பார்த்துவிட்டார். உடனே வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டம்மா மடியில் மாங்காயோடு வந்து என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். எதிர்வீட்டிலிருந்து நெல்லிக்காய் ஊறுகாய் வந்தது. மாலையில் கம்பெனி விட்டு வந்த என் கணவரைத் தெருமுனையிலேயே நிறுத்தி ஒருவர் கைகுலுக்கினார். அவர் கலவரத்தோடு வீட்டுக்குள் வந்து, “என்னாடி, எங்கிட்ட மட்டும் சொல்லல?” என்றார்.

மீன் வாசனை பிடிக்கவில்லை என்றால் எங்கள் தெருவில் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான். இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டியதாயிற்று. கையில் வந்த பேரன் நழுவிப்போன துக்கத்தில் மாமியார் என்னிடம் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மாங்காயைத் திருப்பிக் கேட்கவில்லை என்பதுதான் ஒரே ஆறுதல். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்றுவிட்டேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கும் அக்கா சும்மா இருக்கவில்லை. மதியச் சாப்பாட்டில் நான் தயிர்சாதம் பிசைவதைப் பார்த்து, தன் பிரியாணி எலும்பைக் கடித்தபடி, “நண்டு மேல அவ்ளோ பாசம். பால் மட்டும் மரத்துலயா காய்க்குது? கன்னுக்குட்டிய இழுத்துக் கட்டிட்டுத்தான கறக்கறாங்க?” என்றாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் பாகூர் வீட்டுத் தொழுவத்தில் அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். டப்பாவை மூடினேன். “நாளையிலேருந்து அதுவும் இல்ல, போதுமா?” என்றேன்.

என் கருணையில் பாதி வீம்பு. இதை ஒளிக்க நான் விரும்பவில்லை. வீம்பு இல்லாத கருணை இந்த ஊரில் வஞ்சிரம் வறுவல் வாசனைக்கு முன்னால் ஒரு வாரம் தாங்காது.

இதற்கு ‘வீகன்’ என்று பெயர் இருப்பது செல்போனைப் பார்த்துத்தான் தெரிந்தது. வெள்ளைக்காரர்கள் உலாவும் தெருக்களில் அதற்கென்றே கடைகள் இருப்பதும் அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நாள் ஆசையாக உள்ளே போய், மெனு அட்டையின் வலது பக்கத்தைப் பார்த்துவிட்டு, யாரையோ தேடி வந்தவள் மாதிரி வெளியே வந்துவிட்டேன். நம் ஊர் இட்லியும் சாம்பாரும் அதுபாட்டுக்கு வீகனாக இருக்கின்றன, பெயர் தெரியாமல்.

மாமியாரிடம் சொல்ல வேண்டியிருந்தது. கணவர், “எங்கம்மாகிட்ட நீயே சொல்லிக்க” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

“வீகனா? அது எந்தச் சாமிக்கு?” என்றார் மாமியார்.

“சாமிக்கு இல்லத்த. விரதமும் இல்ல.”

“எப்ப முடியுது?”

“முடியாது.”

அவர் யோசித்தார். “புரட்டாசி கூட ஒரு மாசத்துல முடிஞ்சி போவுது. முடியாத விரதத்த எந்தச் சாமியும் கேக்காது. சரி, பாலு?”

“அதுவும் கெடையாது.”

“ஐயருங்க கூட பால் குடிக்கறாங்களேடி! அவங்களுக்கும் மேலயா நீ?”

அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும், “எம் மருமவ ஐயருக்கும் மேல” என்று சொல்லித்தான் தண்ணீரே கொடுத்தார்.

பிறகு போர் தொடங்கியது. ஒரு நாள் புடலங்காய்ப் பொரியல் வழக்கத்துக்கு மேல் ருசியாக இருந்தது. இரண்டாம் தடவை போட்டுக்கொண்டபோதுதான் விரலில் ஏதோ நெருடியது. பார்த்தால் சென்னாகுனி. கடுகு அளவுக்குக் காய்ந்துபோன குட்டி இறால். அதைப் பொடித்துத் தேங்காய்த் துருவலோடு கலந்திருக்கிறார்.

“அது வெறும் தூசிடி. அதுக்குக் கண்ணு கூட ஒழுங்கா இல்ல” என்றார்.

நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். கத்தினேன். அவரும் கத்தினார். பக்கத்து வீட்டம்மா தன் வீட்டு டி.வி. சத்தத்தைக் குறைத்தது எனக்குக் கேட்டது.

பழிவாங்காமல் விடுவேனா? அடுத்த விடுமுறை நாளில் இரண்டு வாழைக்காய் வாங்கினேன். தோல் சீவாமல், வஞ்சிரத் துண்டு போலச் சாய்வாக அறுத்தேன். புளிக்கரைசல், மிளகாய்த்தூள், சோம்பு, பூண்டு என்று மாமியாரின் மீன் மசாலா ஒன்றுவிடாமல் அரைத்துப் பூசி ஊறவைத்தேன். அவர் மீன் வறுக்கிற அதே கல்லில், ஓரம் கருகிச் சிவக்கும் வரை வறுத்து, மேலே வெங்காயத்தைப் போட்டு மூடிவைத்தேன். மதியம் பசியோடு வந்து உட்கார்ந்தவர் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டார். மெல்வது நின்றது. என்னைப் பார்த்தார்.

“என்னா மீனுடி இது? முள்ளு இல்ல, வாசன இல்ல, எதுத்து ஒரு பேச்சும் இல்ல. உம் புருசன் மாதிரியே இருக்குது.”

சொல்லிவிட்டு இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டார். மூன்றாவதையும் எடுத்தார். நான் எண்ணுவதைப் பார்த்ததும் தட்டோடு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

இப்படியே சண்டையும் சிரிப்புமாக ஓடியிருக்கும். மார்க்கெட்டில் ஒரு வழக்கம் உண்டு. அதில்தான் வந்து இடித்தது.

மீன் விற்கிற பெண்கள் ஏலத்தில் எடுத்துவந்த மீனைப் பலகையில் பரப்புவதற்கு முன்னால், தங்கள் வீட்டுக்கென்று ஒன்றிரண்டை எடுத்துப் பக்கத்தில் ஈரச்சாக்குக்கு அடியில் வைத்துவிடுவார்கள். நாலும் தெரிந்த வாடிக்கைக்காரர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து நேரத்தை வீணாக்க மாட்டார்கள். “வூட்டுக்கு என்னா எடுத்து வச்ச?” என்று கேட்பார்கள். விற்கிறவள் சாக்கின் நுனியைத் தூக்கிக் காட்டுவாள். அவள் வீட்டுக்குச் சங்கரா என்றால் இவர்களுக்கும் சங்கரா. வேறு உத்தரவாதம் எதுவும் வேண்டாம். தன் பிள்ளைக்குக் கெட்டுப்போன மீனை ஆக்கிப்போட எவளும் மாட்டாள் அல்லவா?

நான் மீனை விட்ட பிறகு அந்தச் சாக்குக்கு அடியில் மீன் குறைந்துவிட்டது. கணவருக்கு ஷிஃப்ட் வேலை. பாதி நாள் கேன்டீன் சாப்பாடு. மாமியாருக்குத் தன் ஒருத்திக்காகக் குழம்பு வைக்கப் பிடிக்காது. சில நாள் சாக்கைத் தூக்கினால் வெறும் ஐஸ்தான் இருந்திருக்கிறது. “என்னாம்மா, வூட்டுக்கு ஒன்னும் எடுக்கல?” என்று கேட்டவர்களிடம் அவர் பொய் சொல்லியிருக்கலாம். “எம் மருமவ மீன் திங்கறத வுட்டுட்டா” என்று சொல்லியிருக்கிறார், என்னைத் திட்டுகிற சாக்கில்.

அது அவர் நினைத்த மாதிரி போய்ச் சேரவில்லை. மீனில் மருந்து தெளிக்கிறார்கள் என்று போனில் வீடியோக்கள் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டிலேயே திங்க மாட்டார்களாம் என்று ஆரம்பித்தது, மருமகளுக்கே தெரியும் என்று வளர்ந்தது, மருமகள் டாக்டரிடம் வேலை செய்கிறாள், அவளுக்குத் தெரியாதா என்று முடிந்தது. பல் டாக்டர் என்பதை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு இது வரவேற்பு அக்கா வழியாகத்தான் தெரிந்தது. “உங்க மாமியார்கிட்ட மீன் வாங்க வேணாம்னு எங்க தெருவுல பேசிக்கறாங்கடி” என்றாள், குரலைத் தாழ்த்தி. கையில் வைத்திருந்த ட்ரேயைக் கீழே வைத்துவிட்டேன். மாமியார் கொஞ்ச நாளாக மீந்த மீனோடு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். கேட்டால் “வெயிலு, கூட்டம் இல்ல” என்பார். உப்புப் போட்டு மாடியில் காயவைத்துக்கொண்டிருந்தார். வீட்டில் கருவாடு சேர்ந்துகொண்டே போனதை நான் என்னைச் சீண்டத்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை மாலை அவரே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நாளைக்கி மார்க்கெட்டுக்கு வரியா?” என்றார். “ஒரே ஒரு துண்டு. வெளிய வறுக்கறவகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நாலு பேரு பாக்க வாயில போட்டுக்க. முழுங்கக் கூட வேணாம். சந்துக்கு வந்து துப்பிடு.”

திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எடுத்துக்கொள்வார், போடுவார், பிடுங்குவார், கேட்டதில்லை. மதாம் கூடப் போன வாரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டதாகச் சொன்னார். மதாம் என்பது பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அந்த வெள்ளைக்காரத் தெருவில் இருக்கும் வயதான அம்மா; பிரெஞ்சு அரசாங்கப் பென்ஷன் வாங்குகிறவரின் மனைவி. மாமியார் தலையில் கூடை சுமந்து விற்ற நாளிலிருந்து அவரிடமே வாங்குகிறவர். மதாம் போனதைச் சொல்லும்போது மாமியாரின் குரல் இறங்கிவிட்டது.

தின்றுவிடுவது என்று முடிவு செய்துதான் நான் போனேன். ஒரு துண்டு மீனை விட இந்தப் பெண்மணி எனக்கு முக்கியம் என்று பஸ்ஸில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லச் சொல்ல அந்தக் கொடுக்கு விரலைப் பிடித்துக்கொண்டே இருந்தது.

மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். மாமியாரின் பலகை முன்னால் மட்டும் நடந்து போக இடம் இருந்தது. வறுத்த வஞ்சிரம் வாழையிலைத் துண்டில் வந்தது. சுற்றியிருந்த பலகைக்காரிகள் அரிவாள்மணையை நிறுத்திவிட்டு என் வாயைப் பார்த்தார்கள். பல் பிடுங்கிக்கொள்ள வருகிறவர்களின் வாயை அப்படித்தான் நான் தினமும் பார்க்கிறேன். அன்றைக்குத்தான் அது அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மதாம் வந்து நின்றார்.

“பொன்ழூர் மதாம்” என்று பிரெஞ்சு வணக்கம் வைத்தார் மாமியார், எழுந்து.

“பொன்ழூர். இவதானா உன் மருமகள்?” மதாம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏம்மா, உண்மையச் சொல்லு. உன் மாமியார் மீன்ல என்ன கோளாறு?”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. இலையைப் பலகையில் வைத்தேன்.

“கோளாறா? எங்க அத்த மீன்லயா? ஏன் வுட்டேன் தெரியுமா மதாம்? எங்க அத்த கொண்டாந்த நண்டு உயிரோட இருந்துச்சி! என் வெரலப் புடிச்சிக்கிச்சி. கொடுக்க முறிச்ச அப்பறமும் வுடல. தோ, தழும்பு பாருங்க! அவ்ளோ உயிரோட இருக்கறத என்னால திங்க முடியல. செத்து, ஐஸ்ல கெடந்து, மருந்து போட்டு வந்திருந்தா இன்னிக்கும் நிம்மதியாத் தின்னுக்கினு இருந்திருப்பேன்!”

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கூட்டத்துக்கு முன்னால் என் மனதைத் திறந்து காட்டிவிட்டேன். யாராவது ஒருவர் நண்டுக்காகக் கொஞ்சம் இரங்குவார் என்று எதிர்பார்த்தேன்.

மதாம் என் விரலைப் பிடித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, தழும்பைக் கவனமாகப் பார்த்தார். பிறகு மாமியாரிடம் திரும்பினார்.

“நண்டு இருக்கா?”

“இருக்குது மதாம்.”

“உயிரோட?”

மாமியார் கூடையின் மூடியைத் தூக்கினார். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டது. பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “எனக்கும்,” “எனக்கொரு கிலோ,” “அந்தப் பொண்ணப் புடிச்ச சைஸ்ல எடும்மா” என்றெல்லாம் குரல்கள். கூடை காலியானது. அப்புறம் சங்கரா போனது, வவ்வால் மீன் போனது, மீந்து கிடந்த காரப்பொடி மீன் கூடப் போனது. அன்றைக்கு நான் தின்றிருந்தால் ஒரு துண்டோடு போயிருக்கும். தின்ன மாட்டேன் என்று அழுததில் ஒரு கூடை நண்டு என் கண் முன்னாலேயே குழம்புக்குப் போய்விட்டது.

பலகையில் ஆறிக்கிடந்த வறுவலை மார்க்கெட் பூனை கவ்விக்கொண்டு போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. மாமியார் ஒருவர்தான் கவனித்தார். கவனித்துவிட்டு விரட்டாமல் விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், “வாரா வாரம் வந்து அத மட்டும் சொல்லிட்டுப் போ. அழுவாச்சி நல்லா வந்துச்சி” என்றார்.

“அது நடிப்பு இல்லத்த!”

“அதான்டி எடுபட்டுச்சி.”

நான் போகவில்லை. அந்த நண்டுகளின் பாவம் எந்தக் கணக்கில் எழுதப்பட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். அவர் விடுகிற ஆளில்லை, “எங்கம்மா அந்தப் பொண்ணு?” என்று கேட்கிறவர்களிடம் எல்லாம் என் கதையை அவரே சொல்லி விற்றுக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு முறையும் நண்டு பெரிதாகிக்கொண்டே வந்ததாகக் கேள்வி.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க மார்க்கெட்டுக்குப் போனேன். அவர் பின்பக்கம் நான் வந்து நிற்கும்போது முன்னால் மதாம் நின்றிருந்தார்.

“இன்னிக்கு வீட்டுக்கு என்ன எடுத்து வச்சிருக்க?” என்று மதாம் கேட்டார்.

மாமியார் ஈரச்சாக்கின் நுனியைத் தூக்கினார். ஐஸின் மேல் ஒரு சங்கரா. அதன் பக்கத்தில், அதே ஐஸின் மேல், தண்ணீர் தெளித்து ஒழுங்காகப் படுக்கவைத்த இரண்டு வாழைக்காய்.

“இது எம் புள்ளைக்கி” என்று சங்கராவைத் தொட்டார். வாழைக்காயைத் தொட்டு, “இது எம் மருமவளுக்கு” என்றார். குரலில் ஒரு கூச்சமும் இல்லை. மீன் மார்க்கெட்டின் நடுவில், அத்தனை பேர் பார்க்க.

எனக்கு முன்னால் இருந்தது எல்லாம் கலங்கிப் போயிற்று. கண்ணாடியை நானே போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. முதல் நாள் மீன் தலை போட்டபோது கிடைக்காத இடம் ஒன்று எனக்கு அந்தச் சாக்குக்கு அடியில் கிடைத்துவிட்டது.

மதாம் சங்கராவைப் பார்த்தார், வாழைக்காயைப் பார்த்தார். இத்தனை வருஷமாக அந்தச் சாக்கை நம்பியே வாங்கியவர்.

“சரி. எனக்கும் ரெண்டும் குடு. அந்தக் காய என்ன பண்ணுவ?”

மாமியார் காய்கறிப் பக்கம் பார்த்து வாழைக்காய்க்குக் குரல் கொடுத்துவிட்டு, மதாம் பக்கம் சாய்ந்து, என் சமையலைத் தன் சமையலாகச் சொல்ல ஆரம்பித்தார். “தோல் சீவாதீங்க. சாய்வா அறுங்க. நம்ம மீன் மசாலாவேதான். கல்லு நல்லா காயணும், ஓரம் கருகணும்.” இன்னும் கொஞ்சம் சாய்ந்தார். “எறக்கறப்ப சென்னாகுனி ஒரு கை பொடிச்சித் தூவுங்க மதாம். அப்பதான் ருசி.”

“அத்த!” என்று கத்தினேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவெல்லாம் இல்லை. கையை நீட்டிக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

“உனக்குச் சொல்லலடி. மதாமுக்குச் சொன்னேன்.”